ரோம மாகாண வெண்கலக் காசுகளில் தெய்வங்களையும் புராண மாந்தரையும் இனங்காணும் முறை

ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதியில், அதாவது இன்றைய துருக்கி, கிரேக்கம், பல்கேரியா, சிரியா, லெபனான் முதலிய நாடுகளில், ஐந்நூறுக்கும் மேற்பட்ட நகரங்கள் தத்தம் பெயரிலேயே வெண்கலக் காசுகளை அடித்து வெளியிட்டன. தலைப்பக்கத்தில் பெரும்பாலும் பேரரசரின் உருவம் இருக்கும். பின்பக்கத்தில் எந்தத் தெய்வம், எந்தக் கதை இடம்பெற வேண்டும் என்பதைப் பொதுவாக அந்தந்த நகரமே முடிவு செய்தது. கி.மு. 44-ஐ ஒட்டித் தொடங்குவதாக நாணயவியலார் கொள்ளும் இந்த வரிசை, கி.பி. 260-களிலும் 270-களிலும் நகரம் நகரமாக நின்றுபோயிற்று. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் மட்டும் பேரரசர் டயோக்ளீஷியனின் நாணயச் சீர்திருத்தம் வரை, ஏறத்தாழ கி.பி. 296 வரை, அது நீடித்தது.

டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் காசு சேர்க்கும் தமிழர்களில் பெரும்பாலோர் குரூகர்ராண்டு என்னும் தங்கக் காசிலோ பழைய தென்னாப்பிரிக்க ஒன்றியத்து வெள்ளிக் காசுகளிலோதான் தொடங்குகிறார்கள். பழைய சேகரிப்பு ஒன்றை மொத்தமாக வாங்கும்போது, களிம்பேறிய தடித்த வெண்கலக் காசுகள் சிலவும் அதனுடன் வந்து சேர்வதுண்டு. அத்தகைய காசைக் கையில் வைத்துக்கொண்டு, பின்பக்கத்தில் நிற்பது யார் என்று கண்டறிய விரும்புவோருக்காகவே இதை எழுதுகிறேன்.

உருவத்தின் முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல முயல வேண்டாம். பதினெட்டு நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த காசில் முதலில் தேய்வது முகமே. முதலில் ஊரைக் கண்டுபிடியுங்கள். அடுத்து உருவத்தின் கைகளைப் பாருங்கள். பிறகு காலடியைப் பாருங்கள். ஊரை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மாரியம்மன் ஒருத்தியே ஆனாலும் நாம் இசிப்பிங்கோ மாரியம்மன் என்றும் மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் என்றும் ஊர்ப்பெயரோடுதானே சொல்கிறோம்? அதுபோல இக்காசுகளில் வரும் கிரேக்கத் தெய்வமான ஆர்ட்டெமிஸ் பொதுவான ஆர்ட்டெமிஸ் அல்லள். எபேசுவின் ஆர்ட்டெமிஸ் மார்பிலே வரிசை வரிசையாகப் புடைப்புகள் தொங்க, கால்கள் ஒட்டிய தூண் வடிவில், இருபுறமும் மான்கள் நிற்கக் காட்சி தருவாள். பெர்கே நகரத்து ஆர்ட்டெமிஸ் ஏறத்தாழ ஒரு செதுக்கிய கல்லாகவே கோயிலுக்குள் இருப்பாள். வேறு பல நகரங்களில் அதே தெய்வம் குட்டையான உடையும் வில்லும் வேட்டைநாயுமாக ஓடிக்கொண்டிருப்பாள். ஊர் தெரியாமல் இம்மூன்றையும் ஒன்றாகக் கருதினால் குழப்பமே மிஞ்சும்.

வெளிச்சமும் கருவிகளும்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு, விட்டம் அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர் ஆகிய மூன்றும் போதும். இவற்றைவிட முக்கியமானது வெளிச்சம். தேய்ந்த காசை நேர்வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது; ஒரு பக்கத்திலிருந்து மிகத் தாழ்வாக விழும் ஒளியில் மெல்ல மெல்லச் சுழற்றினால், மறைந்திருந்த கோடுகள் நிழலாக எழும். ஐரோப்பியக் கையேடுகள் வடக்குச் சாளரத்து மென்வெளிச்சத்தைப் பரிந்துரைக்கும். தென்னாப்பிரிக்காவில் சூரியன் வடக்கே சாய்ந்து செல்வதால், அந்த மென்வெளிச்சம் நமக்குத் தெற்குச் சாளரத்தில்தான் கிடைக்கும். சாய்வொளி வேண்டுமானால் காலையில் கிழக்குச் சாளரம் மிகப் பொருத்தமானது. கைபேசியில் படமெடுக்கும்போது ஃப்ளாஷை அணைத்துவிட்டு, ஒளி விழும் திசையை மாற்றி மாற்றி நான்கைந்து படங்கள் எடுங்கள். ஒன்றில் தெரியாத எழுத்து மற்றொன்றில் தெரியும்.

இரு பக்கங்களின் நடுவிலும் சிறு குழி இருந்தால் அதைச் சேதம் என்று எண்ண வேண்டாம். திரேஸ், மீசியா, எகிப்து முதலிய பகுதிகளின் காசுகளில் அது மிகவும் வழக்கமானது. தகட்டை அடிப்பதற்கு முன்னர் ஆயத்தம் செய்தபோது உண்டானது. உருவத்தின் வயிற்றில் விழுந்த அந்தக் குழியைக் கேடயம் என்றோ கனி என்றோ படித்துவிடக் கூடாது.

ஊர்ப்பெயரைப் படித்தல்

எழுத்து பெரும்பாலும் கிரேக்கம். கிரேக்க மொழி தெரிய வேண்டிய தேவையில்லை. இருபத்து நான்கு எழுத்துகளின் வடிவம் தெரிந்தால் போதும். ஆங்கில எழுத்துகளுக்குப் பழகிய கண் சில இடங்களில் ஏமாறும். ஆங்கிலப் பீயைப் போலத் தெரிவது இங்கே ரகர ஒலி. எச் போலத் தெரிவது நெடில் ஏகாரம். சீ போலப் பிறை வடிவில் வளைந்திருப்பது ஸகரம். இரு தூண்மேல் உத்தரம் வைத்தாற்போல் இருப்பது பகரம். இவற்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஊர்ப்பெயர் பின்பக்கத்தில் இருக்கும்; "இன்னாருடைய" என்னும் பொருளில் அமையும். எபேசியோன் என்றால் எபேசியருடையது, சிமிர்னையோன் என்றால் சிமிர்னா மக்களுடையது. ஆகவே சொல்லின் இறுதியில் வரும் ஓன் என்ற ஈற்றைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து பின்னோக்கிப் படிப்பதே எளிது. உருவம் நிற்கும் நிலக்கோட்டுக்குக் கீழேயும் பாருங்கள்; வட்டத்தில் இடம் போதாமல் ஊர்ப்பெயரின் கடைசி எழுத்துகள் அங்கே இறங்கியிருக்கும். நியோகோரோன் என்ற சொல் தென்பட்டால் அது ஊர்ப்பெயர் அன்று. பேரரசர் வழிபாட்டுக் கோயிலைக் காக்கும் உரிமை பெற்ற நகரம் பெருமையோடு பொறித்துக்கொண்ட பட்டம். எழுத்து லத்தீனாக இருந்து, கோல் (COL) என்ற சுருக்கமும் காணப்பட்டால், அது ரோமக் குடியேற்ற நகரம்.

தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இவ்வூர்களில் பல முன்பே அறிமுகமானவை. வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா ஆகிய ஏழு ஊர்களுமே காசு அடித்தவை. அப்போஸ்தலர் நடபடிகளில் தியானாள் என்ற பெயரில் பேசப்படுபவள் மேலே சொன்ன எபேசு ஆர்ட்டெமிஸே.

கையும் காலடியும்

மிக அதிகமாகக் கிடைப்பவள் டைக்கி என்னும் நகரத் திருமகள். ஒரு கையில் கப்பலின் சுக்கான், மறு கையில் கனிகள் வழியும் வளக்கொம்பு, தலையில் மரக்கால் போன்ற முடி. அந்தியோகியாவில் அவள் மதில் வடிவ முடி சூடிப் பாறைமேல் அமர்ந்திருப்பாள். காலடியில் ஓரொன்டஸ் ஆற்றுத்தேவன் நீந்துவான். இந்தக் கோலத்தைக் கிழக்கத்திய நகரங்கள் பல தமக்கும் எடுத்துக்கொண்டன. சுக்கானுக்குப் பதிலாகப் பூசைத் தட்டு இருந்தால் அவள் ஹோமோனியா, அதாவது ஒற்றுமையின் தெய்வம்.

தண்டனைத் தெய்வமான நெமசிஸை இனங்காண்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அவள் கையில் தராசு இருக்கும். நீதித் தெய்வத்தின் கையிலும் தராசு உண்டு. காலடியில் சக்கரம் இருந்தால் நெமசிஸ். அளவுகோலோ கடிவாளமோ ஏந்தியிருந்தாலும், மார்புத் துணியைச் சற்றே இழுத்துப் பிடித்திருந்தாலும், அருகில் கிரிஃபின் என்னும் சிறகுடைய விலங்கு அமர்ந்திருந்தாலும் அவளேதான். சிமிர்னாவில் மட்டும் நெமசிஸ் இருவர். மரத்தடியில் உறங்கும் அலெக்சாந்தரின் கனவில் அவ்விருவரும் தோன்றிப் புதிய நகரம் அமைக்கச் சொன்னதாக அவ்வூர்க் கதை. அந்தக் காட்சியையே சிமிர்னா காசில் அடித்தது.

மற்றவர்களை விரைவாகச் சொல்லிவிடலாம். கழுகு ஜீயஸுக்கு உரியது. சிங்கத் தோலும் கதையும் ஹெர்குலிஸுக்கு. சிறுத்தையும் திராட்சைக் குலையும் இருகைப்பிடிக் கிண்ணமும் டயோனிசஸுக்கு. பணப்பையும் இரு பாம்பு பின்னிய கோலும் ஹெர்மஸுக்கு. சிங்கங்கள் சூழக் கைப்பறையோடு வீற்றிருப்பவள் சிபிலி. தோளுக்குப் பின்னே பிறை எழ, ஒரு காலை எருதின் தலைமேல் ஊன்றியவன் மென் என்னும் சின்ன ஆசியச் சந்திரத் தேவன். சாய்ந்து படுத்து, குடத்திலிருந்து நீர் வழிய, கையில் நாணல் ஏந்தியிருப்பவன் ஆற்றுத்தேவன். அவன் பெயர் பெரும்பாலும் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.

பாம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாம்பைக் கண்டவுடன் மருத்துவத் தெய்வமான அஸ்கிளிப்பியஸ் என்று எழுதிவிடுவோர் உண்டு. கோலைச் சுற்றிய பாம்போடு தாடி வைத்த ஆண் நின்றால் அவர் அஸ்கிளிப்பியஸ்தான். பாம்பைக் கைகளில் ஏந்தித் தட்டிலிருந்து ஊட்டுபவள் அவருடைய மகள் ஹைஜியா. இருவருக்கும் இடையே முக்காடிட்ட சிறு உருவம் நின்றால் அவன் டெலஸ்போரஸ். பாம்புகள் பூட்டிய தேரில் தீவட்டிகளோடு விரைபவள் மகளைத் தேடும் டெமீட்டர். பெர்கமுவின் பெரிய வெண்கலக் காசு ஒன்றில் மரத்தைச் சுற்றிய பாம்பைப் பேரரசர் காரகல்லா கையுயர்த்தி வணங்குகிறார்; கி.பி. 214-இல் அவர் அந்நகரத்து அஸ்கிளிப்பியஸ் கோயிலுக்கு வந்ததன் நினைவு அது.

ஆள் இல்லாமல் பாம்பு தனியாக இருந்தால் ஊரைக் கவனிக்க வேண்டும். அலெக்சாந்திரியாவில், எகிப்தின் இரட்டை முடியைத் தலையில் சூடி நிமிர்ந்திருப்பது ஊரைக் காக்கும் அகதோடைமோன். கருங்கடலோர அபோனோடைக்கஸ் நகரத்தில், சுருண்ட உடலும் மனிதத் தலைமயிரும் உடையது கிளைக்கான். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்தர் என்ற ஒருவர் நிறுவிய புதிய வழிபாடு அது; துணியால் செய்த மனிதத் தலையைப் பழக்கிய பாம்பொன்றுக்குப் பொருத்தினார் என்று அவருடைய காலத்தவரான லூசியன் குற்றஞ்சாட்டி எழுதினார். ஆயினும் பேரரசர் அன்டோனினஸ் பயஸ் காலத்திலேயே கிளைக்கானின் பெயரோடு காசு வெளிவந்தது. நாகத்தை வழிபட்டுப் பழகிய நமக்கு இந்தக் காசுகள் இயல்பாகவே பிடித்துப்போகும். அதனாலேயே, படத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராமல் ஊர்ப்பெயரை மறுமுறை சரிபார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

ஒரு காசை முழுமையாகப் பார்த்தல்

மேலே சொன்னவற்றை ஒரே காசில் பொருத்திப் பார்ப்போம். விட்டம் 27 மில்லிமீட்டர், எடை 12 கிராம் அளவிலான கரும்பச்சைக் காசு. தலைப்பக்கத்தில் இரண்டு மார்பளவு உருவங்கள் ஒன்றையொன்று நோக்குகின்றன. இடப்பக்கத்தவர் தாடியற்ற இளைஞர், வாகை சூடியவர். வலப்பக்கத்தவருக்கு அடர்ந்த தாடி, தலைமேல் மரக்கால். மரக்கால் சூடிய தாடிக்காரர் எகிப்தியத் தெய்வமான சராபிஸ். எதிரெதிர் நோக்கும் இந்த அமைப்பும் அளவும் சேர்ந்தால் இன்றைய பல்கேரியாவில் தேவ்னியா என்று வழங்கும் மார்சியானோபொலிஸ் உடனே நினைவுக்கு வர வேண்டும்.

பின்பக்க வட்டெழுத்தில் முதலில் உப் என்ற ஈரெழுத்து. அதையடுத்து மெனோபிலு என்ற ஆட்பெயர். உப் என்பதை அடுத்து வருவது மாகாண ஆளுநரின் பெயர். டுல்லியஸ் மெனோபிலஸ் பேரரசர் மூன்றாம் கோர்டியன் காலத்தில் கீழ் மீசியாவை ஆண்டவர். எனவே தலைப்பக்கத்து இளைஞர் கோர்டியன் என்பதும், காசு கி.பி. 238-ஐ அடுத்த சில ஆண்டுகளைச் சேர்ந்தது என்பதும் ஒருசேரத் தெளிவாகின்றன. ஊர்ப்பெயர் மார்க்கியானோபொலிடோன் என்று முடிகிறது. வெற்றிடத்தில் தனியே நிற்கும் எழுத்து கிரேக்கக் குறில் எகரம் (Ε). அது ஐந்து என்னும் எண், அதாவது ஐந்து அசாரியா (அக்கால வெண்கல நாணய அலகு) மதிப்பு. இனி உருவம்: பெண், இடப்பக்கம் நோக்குகிறாள், ஒரு கையில் தராசு, மறு கையில் கோல். காலடியில் தேய்ந்த வட்டம் ஒன்று. சாய்வொளியில் அதற்குள் ஆரக்கால்கள் தெரிந்தால் அது சக்கரம், அவள் நெமசிஸ். ஆரம் தெரியாவிட்டால், தரவுத்தளத்தில் இதே அச்சில் அடித்த தெளிவான காசைத் தேடி ஒப்பிட வேண்டும்.

அந்தத் தேடலுக்கு ஆக்ஸ்போர்டிலிருந்து நடத்தப்படும் ரோமன் ப்ரொவின்ஷியல் காயினேஜ் என்னும் இணையத் தரவுத்தளம் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. அச்சில் அதன் முதல் தொகுதி 1992-இல் வந்தது. ஊர், பேரரசர், பின்பக்க உருவம் என்று தனித்தனியே தேடலாம். ஊரையும் பேரரசரையும் மட்டும் கொடுத்து, வரும் படங்களை ஒவ்வொன்றாகக் காண்பதே நல்லது. உருவத்தின் பெயரை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் நம் ஊகத்துக்கு ஒத்தவை மட்டுமே கண்ணில் படும்.

ஊர்க்கதைகள்

ஒற்றைத் தெய்வம் நிற்காமல் ஒரு நிகழ்ச்சியே காட்டப்பட்டிருந்தால், அந்தக் கதை எந்த ஊருக்குச் சொந்தம் என்று கேளுங்கள். டிராய்ப் போர் நடந்த இடமாகத் தன்னைக் கருதிய இலியம் நகரம், கேடயமும் ஈட்டியும் ஏந்திய ஹெக்டரைப் பெயரோடு பொறித்தது. அபிடஸ் நகரத்துக் காசில் கோபுரத்தின்மேல் ஹீரோ என்னும் பெண் விளக்குப் பிடித்து நிற்க, லியாண்டர் கடலை நீந்திக் கடக்கிறான், அவன் அபிடஸ்காரன். டியூல்டம் நகரம், பெர்சியஸ் ஆந்த்ரோமெடாவை மீட்கும் காட்சியைக் காட்டியது. தீரு நகரம் கார்த்தேஜை நிறுவும் அரசி டைடோவைக் காட்டியது. தீருவின் குடியேற்றக் காலக் காசுகளில் ஓரத்தில் ஒரு முரெக்ஸ் சங்கும் இருக்கும். அந்தச் சங்கிலிருந்து எடுத்த ஊதாச் சாயமே அவ்வூரின் செல்வம்.

எல்லாவற்றிலும் வியப்பானது ஃப்ரிஜியாவின் அபாமியா. பெட்டகம் என்று பொருள்படும் கிபோடோஸ் என்ற அடைபெயர் அவ்வூருக்கு உண்டு. செப்டிமியஸ் செவெரஸ் காலத்திலும் முதலாம் பிலிப் காலத்திலும் அது அடித்த காசில், அலைமேல் மிதக்கும் பெட்டிக்குள் ஆணும் பெண்ணும் இருக்கிறார்கள். மூடியின்மேல் ஒரு பறவை அமர்ந்திருக்க, இன்னொன்று கிளையோடு பறந்து வருகிறது. இடப்பக்கத்தில் அவ்விருவருமே தரையில் நின்று கையுயர்த்துகிறார்கள். பெட்டியின்மேல் நோவாவின் பெயர் கிரேக்க எழுத்தில் உள்ளது. ஒரே பரப்பில் முன்னும் பின்னுமான இரு நிகழ்ச்சிகளை அச்சுச் செதுக்குநர் சேர்த்துவிட்டார். ஆகவே நான்கு மனிதர்கள் தெரிந்தாலும் அவர்கள் இருவரே என்று படிக்க வேண்டும்.

அலெக்சாந்திரியாவின் வெண்கல டிராக்மாக்களில் அன்டோனினஸ் பயஸின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை, அதாவது கி.பி. 144–145-ஐச் சேர்ந்தவை, தமிழர் தனியே கவனிக்கத் தக்கவை. இவற்றில் ஒவ்வொரு ராசியும் அதன் அதிபதியோடு காட்டப்பட்டுள்ளது: சிங்கத்தோடு சூரியன், நண்டோடு சந்திரன், ஆட்டோடு செவ்வாய்க்குரிய ஏரிஸ், எருதோடு சுக்கிரனுக்குரிய அப்ரோடைட்டி. நம் ஜாதகத்தில் வரும் ராசிநாதர் வரிசையும் இதுவே. ராசிக்கட்டம் தெரிந்தவர், தேய்ந்த விலங்கை வைத்தே மேலே உள்ள தலை யாருடையது என்று சொல்லிவிடலாம்.

மறைந்துபோன சிலைகளின் சாயலையும் இக்காசுகளில் காணலாம். ஒலிம்பியாவில் பிடியஸ் செய்த ஜீயஸ் சிலை இன்று இல்லை. ஹேட்ரியன் காலத்தில் எலிஸ் நகரம் அடித்த அரிய காசுகளில் அதன் தோற்றம் உள்ளது. நிகோபொலிஸ் அட் இஸ்ட்ரம் காசுகளில் மரத்தில் ஊரும் பல்லியை நோக்கிச் சாய்ந்து நிற்கும் அப்பல்லோ, சிற்பி பிராக்ஸிடெலஸின் சிலையைத் தழுவியவர்.

தெய்வம் அல்லாதவற்றையும் பிரித்தறிய வேண்டும். காளைகள் பூட்டி உழுபவர் உழவுத் தெய்வம் அல்லர்; குடியேற்ற நகரத்தின் எல்லையை ஏரால் கீறி வரையறுக்கும் சடங்கைச் செய்பவர். அத்தகைய நகரங்களில் தோளில் தோற்பையும் உயர்த்திய கையுமாக நிற்பவன் மார்சியாஸ் என்னும் புராண மாந்தன்.

வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும்

புகழ்பெற்ற கதைக்காட்சிகளே போலிகளுக்கும் திருத்தங்களுக்கும் அதிகம் இலக்காகின்றன. தேய்ந்த உண்மைக் காசில் ஊசியால் செதுக்கி முகத்தையும் எழுத்தையும் கூர்மையாக்குவார்கள். சுற்றிலும் தேய்மானம் இருக்க, உருவம் மட்டும் கூராக இருந்தாலும், எழுத்தைச் சுற்றிய பரப்பு சுரண்டியதுபோல் தாழ்ந்திருந்தாலும் வாங்க வேண்டாம். விளிம்பில் ஓடும் ஒட்டுக்கோடும் பரப்பில் சிறு குமிழிகளும் வார்த்தெடுத்த போலியின் அடையாளங்கள். துருக்கியில் 1983-ஆம் ஆண்டின் 2863 எண் சட்டம் தொல்பொருள்களை வெளியே கொண்டுபோவதைத் தடுக்கிறது. ஆகவே பழைய சேகரிப்பிலிருந்து வந்ததற்கான ரசீதையோ ஏல விவரத்தையோ கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். எலுமிச்சையும் வினிகரும்கூடக் கூடாது. அமிலம் களிம்பைக் கரைக்கும்போது, உருவத்தின் நுண்கோடுகளும் அதனோடு போய்விடும். அவை அந்தப் படலத்தில்தான் எஞ்சியிருக்கின்றன. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மரப் பல்குச்சியால் மண்ணை நீக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டர்பனின் கடற்காற்றும் கோடைப் புழுக்கமும் வெண்கலத்துக்குப் பகை. வெளிர்பச்சை நிறத்தில் மாவுபோல் உதிரும் புள்ளி தோன்றினால் அது வெண்கல நோய். உலோகத்தினுள் தங்கிய குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அரிப்பதால் வருவது. அந்தக் காசை உடனே தனியே எடுத்து, காய்ச்சி வடித்த நீரை அடிக்கடி மாற்றிப் பல வாரங்கள் ஊறவைத்து, நன்றாக உலர்த்துங்கள். மீண்டும் தோன்றினால் உலோகப் பாதுகாப்பு அறிந்தவரிடம் கொண்டுசெல்லுங்கள். மற்றவற்றைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, உள்ளே ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருக்குமாறு பாருங்கள். பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுப்பான பச்சை நீரைக் கசியவிடும். அமிலமற்ற காகித உறை நல்லது.

ஒவ்வொரு உறையிலும் ஊர், பேரரசர், ஆளுநர் பெயர் இருந்தால் அது, இரு பக்க எழுத்துகள் தெரிந்தவரை, விட்டம், எடை, வாங்கிய இடம், தேதி ஆகியவற்றை எழுதுங்கள். தலைப்பக்கம் நிமிர்ந்திருக்கக் காசைப் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்க உருவத்தின் தலை கடிகாரத்தின் எந்த மணியை நோக்குகிறது என்பதையும் குறியுங்கள். அலெக்சாந்திரியாவில் பொதுவாகப் பன்னிரண்டு, சின்ன ஆசியாவில் பெரும்பாலும் ஆறு. உருவம் யாரென்று உறுதிப்படாதபோது பெயரை எழுதாமல், "நிற்கும் பெண், இடப்பக்கம் நோக்கி, வலக்கையில் தட்டு, காலடி தேய்ந்துள்ளது" என்று கண்டதை மட்டும் எழுதி, பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.